வீணாப் போன திறமைன்னு யாரைச் சொல்றோம்?

கால்பந்து பார்க்கிற யாரும் அந்தப் பட்டியலிலிருந்து தப்பியிருக்க முடியாது. 'வீணாய்ப் போன பத்துத் திறமைசாலிகள்' என்று மாதத்துக்கு ஒரு வீடியோவை யாராவது போட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பின்னணியில் சோகமான பியானோ, ஸ்லோமோஷன் கிளிப், கடைசியில் "ஒழுக்கம் மட்டும் இருந்திருந்தால் எங்கேயோ போயிருப்பார்" என்று ஒரு வாசகம். பெயர்கள் மாறும். ஆனால் ஜெர்மெய்ன் பென்னன்ட் என்ற பெயர் அடிக்கடி தலைகாட்டும்.

இங்கிலாந்தின் முன்னாள் விங்கர். ஆர்சனல், லிவர்பூல், ஸ்டோக் சிட்டி ஜெர்ஸி போட்டவர். நம்ம ஐ.எஸ்.எல்.லில் புனேவுக்கு ஆடியவர். அவருக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. எனக்கு உறுத்துவது அந்த 'வீண்' என்கிற சொல். ஏன்னா அதே சொல் நம்ம கிளாஸ்ல, ஹாஸ்டல்ல, மயிலாப்பூர்லயும் மாம்பலத்துலயும் நம்ம வீட்டு ஹால்ல தினமும் புழங்குது. "எவ்வளவு பிரில்லியன்ட்டான பையன் தெரியுமா, வீணாப் போயிட்டான்." அந்தப் பையன் எங்கேயோ நல்லாத்தான் இருப்பான். வேலைக்குப் போவான், இ.எம்.ஐ. கட்டுவான், ஞாயித்துக்கிழமை பெசன்ட் நகர் பீச்சுல சுண்டல் சாப்பிடுவான். ஆனாலும் நம்ம கணக்குல அவன் வீண்.

எந்த ஸ்கேலை வெச்சு இந்த முடிவுக்கு வர்றோம்? பென்னன்டோட கதையை முதல்லேர்ந்து வரிசையா பார்த்தா இதுக்கு ஒரு பதில் கிடைக்குது.

விலை ஒட்டின பையன்

முதலில், கால்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. விங்கர் என்பவர் மைதானத்தின் ஓரக் கோட்டை ஒட்டி ஓடுகிறவர். எதிரணியின் பேக்கை வேகத்தாலோ ஏமாற்றியோ தாண்டி, நடுவில் நிற்கிற ஸ்ட்ரைக்கரின் தலைக்கோ காலுக்கோ பந்தைக் கொண்டுசேர்ப்பது அவர் வேலை. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர் மாதிரி. அவர் சரியாக வேலை செய்தால் சாப்பிட்டவர் ஏப்பம் விடுவார், சமையல்காரருக்குப் பாராட்டு போகும், பரிமாறினவரின் முகம் யாருக்கும் ஞாபகம் இருக்காது. கோல் கணக்கில் விங்கரின் உழைப்பு பாதிக்கு மேல் தெரியவே தெரியாது.

பென்னன்ட் 1983 ஜனவரி 15-ல் நாட்டிங்ஹாமில் பிறந்தவர். சின்ன வயதிலேயே அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டார். அப்பாவைச் சுற்றி போதைப்பொருள் புழக்கம். இதையெல்லாம் 2018-ல் வந்த தன் சுயசரிதையில் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். உள்ளூர் கிளப்பான நாட்ஸ் கவுன்ட்டியில் பந்தாடிக்கொண்டிருந்த அந்தப் பையனை 1999 ஜனவரியில் ஆர்சனல் வாங்கியது. விலை 20 லட்சம் பவுண்டு. அந்த வயதில், பயிற்சி நிலையில் இருக்கும் ஒரு ஆட்டக்காரருக்கு அன்றைக்கு அது சாதனைத் தொகை. அவருக்கு அப்போதுதான் 16 வயது முடிகிற நேரம்.

அந்த வயசுல நாம என்ன பண்ணிட்டிருந்தோம்? பெரும்பாலும் பதினோராம் வகுப்பு. தி. நகர்ல பனகல் பார்க் பக்கம் ஜூன் மாசம் ஒரு ரவுண்டு போனா தெரியும். ரேங்க் வாங்கின பிள்ளைகளோட பாஸ்போர்ட் போட்டோவை வரிசையா போட்டு, கீழே மார்க்கைப் பெருசா அச்சடிச்ச பேனர்கள். போட்டோவில் இருக்கிற பிள்ளையின் முகத்தைவிட எண் பெரிதாக இருக்கும். அந்த எண்ணைத்தான் நான் விலைச்சீட்டு என்கிறேன். பென்னன்டுக்கு 20 லட்சம் பவுண்டு என்று ஒட்டினார்கள், நம்ம பசங்களுக்கு 497/500 என்று ஒட்டுகிறோம். ஒட்டினது வேற ஆளு. ஆனா அதுக்கப்புறம் அந்த எண்ணுக்குத் தகுந்த மாதிரி வாழவேண்டிய கடன் மட்டும் போட்டோவில் இருக்கிற பையனுடையது.

மூன்று கோல், அப்புறம் லீட்ஸ்

1999 நவம்பர் கடைசியில் லீக் கோப்பை ஆட்டம் ஒன்றில் பென்னன்ட் ஆர்சனலுக்காக முதல்முறை இறங்கினார். வயது 16. ஆர்சனல் வரலாற்றிலேயே மிக இளம் வயதில் முதல் அணிக்கு ஆடியவர் என்ற பெயர் 2003-ல் ஃபாப்ரிகாஸ் வரும்வரை அவருடையதாக இருந்தது. ஆனால் அடுத்து வந்த வருடங்களில் அந்த அணியின் ஓரங்களில் யார் யார் இருந்தார்கள்? ராபர்ட் பிரேஸ், ஃப்ரெடி லியுங்பர்க். இருவரும் ஆட்டத்தின் உச்சத்தில். இடம் எங்கே கிடைக்கும்? வாட்ஃபோர்டுக்கு லோன் போனார், திரும்பி வந்தார், பெஞ்சில் உட்கார்ந்தார்.

பிரீமியர் லீகில் முதல்முறை ஆட்டம் தொடங்கும்போதே களத்தில் இருக்க அவருக்கு 2003 மே 7 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சவுத்தாம்ப்டனுக்கு எதிராக. அந்த ஆட்டத்தில் முதல் அரைமணி நேரத்துக்குள் அவர் மூன்று கோல் அடித்துவிட்டார். பிரேஸும் மூன்று அடித்தார். 6-1. முந்தின ராத்திரி பார்ட்டிக்குப் போய்விட்டு, ஆடவேண்டியிருக்கும் என்றே எதிர்பார்க்காமல் வந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்த ஆட்டத்துக்கு இன்னொரு பெருமையும் உண்டு. லீகில் ஆர்சனல் தொடர்ந்து 49 ஆட்டம் தோற்காமல் ஓடிய அந்தப் புகழ்பெற்ற வரிசையில் முதல் ஆட்டம் அதுதான். அடுத்த 2003-04 சீசன் முழுக்க ஆர்சனல் தோற்கவே இல்லை. 'இன்வின்சிபிள்ஸ்' என்று டி-ஷர்ட் அடித்து இன்றைக்கும் விற்கிறார்கள். அந்தச் சீசனில் பென்னன்ட் எங்கே இருந்தார்? லீட்ஸுக்கு லோனில். கடனில் மூழ்கிய லீட்ஸ் அதே சீசனில் பிரீமியர் லீகை விட்டே கீழே இறங்கியது. வரிசையைத் தொடங்கி வைத்த ஆள், வரிசையில் இல்லை.

இதுவரைக்கும் பாருங்க. இதுல அவரோட சொந்தத் தப்பு எவ்வளவு? உலகத்தின் சிறந்த இரண்டு விங்கர்களுக்குப் பின்னால் க்யூவில் நின்றது தப்பா? ஒழுக்கம் கொஞ்சம் சரியாக இருந்திருந்தால் கூடுதலாகச் சில ஆட்டம் ஆடியிருப்பார், அது உண்மை. ஆனால் பிரேஸைப் பெஞ்சில் உட்காரவைத்திருப்பாரா என்று யாராலும் சொல்ல முடியாது. 'வீண்' என்று சொல்கிறவர்கள் அதைச் சொல்ல முடியும் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

குற்றம் வேற, வீண் வேற

2005 ஜனவரியில் நடந்ததைப் பூசி மெழுக முடியாது. அந்தச் சீசனில் பர்மிங்ஹாம் சிட்டிக்கு லோனில் ஆடிய பென்னன்ட் குடித்துவிட்டு கார் ஓட்டி விளக்குக் கம்பத்தில் மோதினார். ஏற்கெனவே வண்டி ஓட்டத் தடை விதிக்கப்பட்டிருந்த நேரம் அது. கோர்ட் மூன்று மாதச் சிறைத்தண்டனை கொடுத்தது. முப்பது நாள் உள்ளே இருந்துவிட்டு, காலில் எலக்ட்ரானிக் டேக் மாட்டி வெளியே விட்டார்கள். ஏப்ரல் 2-ல் டாட்டன்ஹாமுக்கு எதிராக அந்த டேக்கோடு அவர் ஆடினார். காலுறைக்குள் தெரியாமல் மறைத்துக்கொண்டு.

குடித்துவிட்டு வண்டி எடுப்பது குற்றம்தான். நம்ம ஊரில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 185-ன்படி முதல் முறைக்கே ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம், சில சமயம் இரண்டும். ஈ.சி.ஆர். ரோட்டில் சனிக்கிழமை ராத்திரி குடித்துவிட்டு பைக் ரேஸ் விடுகிறவனுக்கும் இதே விதிதான். அந்தக் கம்பத்துக்குப் பதில் ஒரு மனுஷன் நின்றிருந்தால் இந்தக் கட்டுரையையே நான் எழுதியிருக்க மாட்டேன். தண்டனை கொடுத்தார்கள், அனுபவித்தார். சரியான தண்டனை.

ஆனா ஒண்ணு கவனிங்க. பட்டியல் போடுகிறவர்கள் இந்தக் குற்றத்தைச் சொல்லும்போது கோபப்படுவதில்லை, வருத்தப்படுகிறார்கள். "ஐயோ, எவ்வளவு திறமை!" என்கிறார்கள். யாரோ ஒருத்தர் உயிர் போயிருக்கக்கூடும் என்பது அவர்கள் கவலையில் இல்லை. தங்களுக்குப் பார்க்கக் கிடைத்திருக்கவேண்டிய கோல்கள் கிடைக்காமல் போனதுதான் அவர்கள் துக்கம். குற்றம் என்பது பாதிக்கப்படுகிறவருக்குச் செய்த தீங்கு. 'வீண்' என்பது பார்த்துக்கொண்டிருந்த நம்முடைய ஏமாற்றம். இரண்டையும் ஒரே கணக்கில் எழுதும்போது நம்ம ஏமாற்றத்துக்கும் ஒரு நியாயம் கிடைத்த மாதிரி ஆகிவிடுகிறது.

92 மார்க் வாங்கின கதை

சிறைக்குப் போய் வந்தவரின் கதை அங்கேயே முடிந்திருக்கவேண்டும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். முடியவில்லை. பர்மிங்ஹாம் அவரை நிரந்தரமாகவே வாங்கியது. 2006 ஜூலையில் லிவர்பூல் 67 லட்சம் பவுண்டு கொடுத்துக் கூட்டிப்போனது. 2007 ஜனவரியில் செல்சீயை 2-0 என்று வென்ற ஆட்டத்தில் லிவர்பூலுக்கான தன் முதல் கோலை அடித்தார்.

அதே வருடம் மே 23, ஏதென்ஸ். சாம்பியன்ஸ் லீக் ஃபைனல். எதிரே ஏ.சி. மிலான். மால்டினி, காகா, பிர்லோ, சீடார்ஃப் இருந்த அணி. லிவர்பூலின் வலது ஓரத்தில் பென்னன்ட் 90 நிமிடமும் ஆடினார். ஆரம்பத்திலேயே அவர் அடித்த ஷாட்டை மிலான் கோல்கீப்பர் டீடா தடுத்தார். அன்றைக்கு லிவர்பூல் பக்கம் நன்றாக ஆடியவர்களில் ஒருவர் அவர். இன்சாகி இரண்டு கோல் அடித்து 2-1 என்று மிலான் ஜெயித்தது.

அப்புறம் போர்ட்ஸ்மவுத்துக்கு லோன். ஸ்பெயினில் ரியல் சரகோசா. அங்கிருந்து கிளம்பும்போது ரயில் நிலையத்தில் தன் போர்ஷே காரை விட்டுவிட்டு மறந்தே போனார் என்று செய்தி வந்தது, உலகமே சிரித்தது. பிறகு ஸ்டோக் சிட்டி. 2011 எஃப்.ஏ. கோப்பை அரையிறுதியில் ஸ்டோக் போல்டனை 5-0 என்று சாத்தியது. ஃபைனலில் மான்செஸ்டர் சிட்டியிடம் 1-0 என்று தோற்றது. அந்த ஃபைனலிலும் பென்னன்ட் இருந்தார்.

இங்கிலாந்து சீனியர் அணிக்கு அவர் ஒருமுறைகூட ஆடவில்லை. 21 வயதுக்குட்பட்டோர் அணிக்கு 24 முறை ஆடினார். பட்டியல்காரர்கள் கடைசியில் காட்டுகிற ஆதாரம் இதுதான்: "பாருங்க, ஒரு கேப் கூட இல்லை."

கூட்டிக் கழித்துப் பாருங்கள். ஒரு உடைந்த வீட்டிலிருந்து வந்த பையன். ஒரு சாம்பியன்ஸ் லீக் ஃபைனல், ஒரு எஃப்.ஏ. கோப்பை ஃபைனல், பிரீமியர் லீகில் ஒரு ஹாட்-ட்ரிக், பத்து வருடத்துக்கும் மேல் இங்கிலாந்தின் மேல்மட்டக் கால்பந்தில் வேலை. பிரிட்டனில் கிளப் அகாடமிகளில் சேருகிற ஆயிரக்கணக்கான பிள்ளைகளில் மிகச் சிலருக்குத்தான் இதில் ஒன்றாவது வாய்க்கிறது. இதையே வேறொருவர் விலைச்சீட்டு இல்லாமல் செய்திருந்தால் 'போராடி ஜெயித்தவர்' என்று படமே எடுத்திருப்பார்கள். சென்டம் வாங்குவான் என்று ஊரே எதிர்பார்த்த பையன் 92 வாங்கினான். பக்கத்து வீட்டில் 92 வாங்கினவனுக்கு ஸ்வீட் கொடுக்கிறார்கள், இவன் வீட்டில் அழுகிறார்கள். விடைத்தாள் இரண்டும் ஒன்றுதான்.

அதே ராத்திரி, அதே மூணு கோல்

2014-ல் ஐ.எஸ்.எல். தொடங்கியது ஞாபகம் இருக்கா? நம்ம சென்னையின் எஃப்.சி.க்கு மாட்டராட்ஸி பயிற்சியாளராகவும் ஆட்டக்காரராகவும் வந்தார். எலானோ ஃப்ரீ கிக் அடித்தபோது பெரியமேடு நேரு ஸ்டேடியம் அதிர்ந்தது. அந்த முதல் சீசனில் எஃப்.சி. கோவாவுக்கு வந்தவர் பிரேஸ். மும்பைக்கு வந்தவர் லியுங்பர்க். புனேவுக்கு வந்தவர் பென்னன்ட். ஒரு காலத்தில் ஆர்சனலின் ஓரங்களுக்குப் போட்டியிட்ட மூன்று பேரும் ஒரே வருடம் இந்தியாவுக்கு வந்து சேர்ந்தார்கள். 2003 மே 7-ல் மூன்று மூன்று கோல் அடித்த இருவரும் அதில் உண்டு.

பிரேஸுக்கு வயது 41. "லெஜண்ட் வர்றார்" என்று வரவேற்றோம். பென்னன்டுக்கு 31. "பாவம், இந்தியா வரைக்கும் வந்துட்டான்" என்று எழுதினார்கள். ஒரே லீக், ஒரே வெயில், ஒரே தண்ணீர் பாட்டில். ஒருவருக்கு அது மரியாதையான ஓய்வுப் பயணம், இன்னொருவருக்கு வீழ்ச்சி. அதில் நம்மைப் பற்றியும் ஒரு செய்தி இருக்கு: இந்தியாவுக்கு ஆட வருவதே ஒருத்தன் வீணாய்ப் போனதற்கு அடையாளம் என்று நாமே ஒத்துக்கொண்டு சிரிக்கிறோம். அப்ப இங்கேயே பிறந்து, இங்கேயே ஆடுறவன் என்ன?

2016-ல் அவர் சிங்கப்பூரின் டாம்பினீஸ் ரோவர்ஸுக்குப் போனார். அங்கே அவரை அழைத்து வந்த நேரத்தில் பயிற்சியாளர் வி. சுந்தரமூர்த்தி. சிங்கப்பூர்த் தமிழர்கள் கொண்டாடிய பழைய நட்சத்திரம், 'டாஸ்லர்' என்று பட்டப்பெயர். வருடத்தின் நடுவில் அவர் தேசிய அணிக்குப் பயிற்சியாளராகப் போக, டாம்பினீஸை அக்பர் நவாஸ் ஏற்றுக்கொண்டார். பெயர் எங்கேயோ கேட்ட மாதிரி இருக்குல்ல? அதே அக்பர் நவாஸ்தான் அப்புறம் சென்னை சிட்டி எஃப்.சி.க்கு வந்து 2018-19 ஐ-லீகை ஜெயித்துக் கொடுத்தார். 2019 மார்ச் 9, கோயம்புத்தூர், கடைசி நாள் ஆட்டம், மினர்வா பஞ்சாபை 3-1. ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் பின்னுக்குத் தள்ளி. பென்னன்டின் 'வீழ்ச்சி'ப் பாதை என்று சொல்லப்படுவதில் இருந்தவர்கள் எல்லாம் தங்கள் வேலையை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தவர்கள்தான்.

விலை ஒட்டாத பசங்க

இப்ப நம்ம விங்கர்களுக்கு வருவோம். மைக்கேல் சூசைராஜ், கன்னியாகுமரி மாவட்டம் இரவிபுத்தன்துறை. கடலோர மீனவர் ஊர். பட்டினப்பாக்கத்திலோ ஊரூர் குப்பத்திலோ சாயந்திரம் மணலில் பந்து உதைக்கிற பசங்களைப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர் எப்படி இருக்கும் என்று புரியும். சென்னை சிட்டி, ஜாம்ஷெட்பூர், அப்புறம் ஏ.டி.கே. 2020 மார்ச்சில் காலி ஸ்டேடியத்தில் நம்ம சென்னையினை 3-1 என்று தோற்கடித்துக் கோப்பை வாங்கிய ஏ.டி.கே. அணி அவருடையது. இந்தியாவுக்கும் ஆடினார். அடுத்த சீசனின் முதல் ஆட்டம், 2020 நவம்பர் 20. கால் மணி நேரம்கூட ஆகவில்லை, முழங்காலில் அடி. சீசன் முழுக்கப் போச்சு.

விங்கருக்கு முழங்கால்தான் எஞ்சின். முழு வேகத்தில் ஓடி, சட்டென்று நின்று, திசை திரும்புவதுதான் அவர் தொழிலே. அந்த ஒரு நொடியில் உடம்பின் மொத்தச் சுமையும் முழங்காலின் தசைநார்களில் இறங்குகிறது. மெக்கானிக்கல் பசங்க ஃபெட்டிக் ஃபெய்லியர் படிச்சிருப்பீங்க. ஒவ்வொரு தடவையும் தாங்குகிற சுமைதான், ஆனால் லட்சம் தடவை.

நந்தகுமார் சேகர் நம்ம சென்னைப் பையன். டெல்லி, ஒடிஷா என்று ஓரத்தில் ஓடிக்கொண்டே இருந்தவர். 2023 ஆகஸ்ட் 12, டுராண்ட் கோப்பை, கொல்கத்தா டெர்பி. ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக ஒரே கோல், அவர் கோல், 1-0. 2019 ஜனவரிக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஜெயித்த முதல் டெர்பி. சால்ட் லேக்கில் அழுதவர்கள் எத்தனையோ பேர். 2024 ஜனவரியில் சூப்பர் கப் ஃபைனலில் தன் பழைய அணியான ஒடிஷாவுக்கு எதிராகவும் கோல் அடித்தார். ஈஸ்ட் பெங்கால் 3-2 என்று கோப்பையை வாங்கியது.

கொல்கத்தாவில் அந்தப் பெயரைச் சொன்னால் டீக்கடைக்காரர் காசு வாங்க மாட்டார் என்று சொல்லலாம். லஸ் கார்னரில் நின்று பத்துப் பேரிடம் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேருக்குத் தெரியும்? பென்னன்டைப் பற்றி நம்ம பசங்க ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள். நந்தகுமாரைப் பற்றி ஒரு நிமிடம் பேச மாட்டார்கள். ஒருத்தனுக்கு விலை ஒட்டி, அதுக்குக் குறைஞ்சதும் வீண்னு சொல்றோம். இன்னொருத்தனுக்கு விலையே ஒட்டாததால அவன் எவ்வளவு ஏறினாலும் நமக்குத் தெரியறதே இல்ல. இரண்டு அநியாயத்துக்கும் காரணம் ஒரே ஸ்கேல். நாம் ஆட்டத்தைப் பார்ப்பதில்லை, ஆரம்பத்தில் ஒட்டின எண்ணை மட்டும் பார்க்கிறோம்.

"அப்ப பொறுப்பே இல்லையா?"

இந்த இடத்தில் ஒரு நியாயமான கேள்வி வரும். ஆஷ்லி யங்கைப் பார், அவனும் இங்கிலாந்து விங்கர்தான், அவன் எப்படி இருந்தான்? நல்ல கேள்வி. 16 வயதில் வாட்ஃபோர்டு அவருக்கு முழுநேர இடம் தர மறுத்தது. பள்ளிக்கூடம் போய்க்கொண்டே பகுதிநேரமாகப் பயிற்சிக்கு வந்து இடம் பிடித்தார். ஆஸ்டன் வில்லா, மான்செஸ்டர் யுனைடெட். வேகம் குறைய ஆரம்பித்ததும் பின்னால் இறங்கி ஃபுல் பேக் வேலை கற்றுக்கொண்டார். 2021-ல் இன்டர் மிலானோடு இத்தாலிய லீகை ஜெயித்தார். 39 வயதில் எவர்ட்டனுக்கு பிரீமியர் லீகில் ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஒழுக்கத்துக்கு ஒரு பெரிய சல்யூட்.

ஆனால் அவர் கதையையும் முழுசாகப் படிக்கணும். 16 வயதில் ஒருத்தருக்கு 'நீ போதாது' என்றார்கள், இன்னொருத்தருக்கு '20 லட்சம் பவுண்டு' என்றார்கள். போதாதவர் வளர்வதற்கு நேரம் கிடைத்தது. வீட்டிலிருந்தபடி, பள்ளிக்குப் போனபடி, பேப்பரில் பெயர் வராதபடி தப்பு செய்து திருத்திக்கொள்ள முடிந்தது. விலை ஒட்டப்பட்டவர் சொந்த ஊரை விட்டு லண்டனுக்குப் போய், கையில் பணத்தோடும் வீட்டில் கேட்க ஆளில்லாமலும் இருபதைக் கடந்தார். இதனால் அவர் காரை எடுத்தது நியாயம் ஆகிவிடாது. அவர் பொறுப்பு அவருடையது. ஆனால் 16 வயதுப் பையன்மேல் அவ்வளவு பெரிய எண்ணை ஒட்டினவர்களுக்கும் ஒரு பொறுப்பு இருந்தது. பட்டியலில் அவர்கள் பெயர் வருவதே இல்லை.

நம்ம காம்பஸ்

இனி நம்ம கதை. என் கிளாஸில் ஒருவன் இருக்கிறான். பத்தாவதில் அவன் போட்டோ பேனரில் வந்தது. அடுத்த இரண்டு வருடம் காலையில் ஸ்கூல், சாயந்திரம் கோச்சிங், ஞாயிறு டெஸ்ட். ஜே.இ.இ.யில் எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. கவுன்சலிங்கில் நம்ம காலேஜுக்கு வந்தான். மந்தைவெளியில் அவன் அம்மா காய்கறி வாங்கப் போனால் இன்றைக்கும் யாராவது, "ஐ.ஐ.டி.ன்னு சொன்னாங்களே, என்னாச்சு?" என்று கேட்கிறார்களாம். அவன் இங்கே போன வருடம் ஜூனியர்களுக்குச் சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ் அரியர் கிளியர் பண்ண ராத்திரி ராத்திரி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தான். பாஸானவர்கள் ஏழு பேர். அந்த ஏழு எந்த பேனரிலும் வராது. அது அசிஸ்ட் கணக்கு, விங்கர் கணக்கு.

அடையாறு பக்கம் இது இன்னும் கொடுமை. ஒரே சாலையில் ஐ.ஐ.டி. கேட்டும் இருக்கு, நம்மள மாதிரி பல பேர் ஏறுற பஸ் ஸ்டாப்பும் இருக்கு. தினமும் அந்த கேட்டைத் தாண்டிப் போகிறவனிடம் 'நீ வீண்' என்று யாரும் தனியாகச் சொல்லவேண்டியதே இல்லை.

எனக்கு மூன்று விஷயம் சொல்ல இருக்கு.

ஒன்று, ஃபர்ஸ்ட் இயர் பசங்களிடம் சீனியர்கள் கேட்கிற முதல் கேள்வி "கட்-ஆஃப் எவ்வளவு?" என்பது. அதை விட்டுவிடலாம். 200-க்கு 196-ஆ 172-வா என்பது அட்மிஷன் முடிந்த அன்றைக்கே செத்துப்போன எண். அதை வைத்து நான்கு வருடம் ஒருவனை அளந்தால் நாமும் பனகல் பார்க் பேனர்தான்.

இரண்டு, நம்ம கால்பந்து டீம். லீக் மேட்ச் போனால் ஓ.டி. கிடைப்பதற்குள் அந்தப் பசங்க நாலு டிபார்ட்மென்ட் படி ஏறுகிறார்கள். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்த்துக்கொள்ளும்போது இருந்த உற்சாகம் அட்டென்டன்ஸ் போடும்போது காணாமல் போகிறது. ஆஷ்லி யங்குக்குக் கிடைத்தது பள்ளியும் பந்தும் ஒரே நேரத்தில். நம்ம பசங்களுக்கும் அது கிடைக்கணும். ஒரு முழங்கால் போனாலும் கையில் டிகிரி இருக்கணும். டிகிரி இருக்கு என்பதற்காகப் பந்தை விடவும் வேண்டியதில்லை. ஓ.டி. விதியை எழுத்தில் போட்டு, சீசன் தொடங்கும் முன்பே ஒரே லெட்டரில் முடித்துக்கொடுக்க நிர்வாகத்தால் முடியும்.

மூன்று, யாராவது தப்பு செய்தால், குடித்துவிட்டு வண்டி எடுத்தால், காப்பி அடித்தால், ஒருத்தரைக் காயப்படுத்தினால், அதைத் தப்பு என்று நேராகச் சொல்லுவோம், தண்டனையும் கொடுப்போம். "எவ்வளவு நல்லா படிச்சவன், இப்படி ஆயிட்டானே" என்று அவனுடைய பழைய மார்க்குக்காக அழவேண்டாம். அந்த அழுகையில் தப்பும் மறைந்துபோகும், ஆளும் மறைந்துபோவான்.

பென்னன்ட் 2017-ல் பரி கிளப்பில் ஆடினார், அப்புறம் இங்கிலாந்து லீக் அடுக்குகளுக்கும் கீழே இருக்கிற பில்லரிகே டவுனில். அங்கே பார்வையாளர்கள் சில நூறு பேர், மைதானத்தைச் சுற்றி வேலி, மழையில் சகதி. சாம்பியன்ஸ் லீக் ஃபைனல் ஆடின கால்கள். கேவலம் என்று நினைத்திருந்தால் வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். அவர் ஆடப் போனார். அடுத்த தடவை அந்த பியானோ வீடியோ உங்க ஃபீடில் வந்தால், அவர் பெயர் வரும்போது பாஸ் பண்ணிட்டு அந்த 2003 சவுத்தாம்ப்டன் ஆட்டத்தைத் தேடிப் பாருங்க. அப்படியே நந்தகுமாரோட டெர்பி கோலையும். இரண்டிலும் ஓரத்தில் ஓடுகிறவர் என்ன செய்கிறார் என்பதை மட்டும் கவனிங்க.